சுரண்டிப் பார்த்தவர்

எதிர்வீட்டில் சுவரைச் சுரண்டுகிறார்கள். காலையிலிருந்து அதே சத்தம். சரக், சரக், ஒரு சின்ன மௌனம், பிறகு பொடி உதிர்கிற ஓசை. ஆலங்குளம் கடைவீதியில் பஸ்ஸும் லாரியும் போடுகிற இத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் இந்தச் சத்தம் மட்டும் என் பல்லில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மகள் கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கிறார்களாம். நல்ல காரியம்தான். ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியே ஈரச் சுண்ணாம்பின் வாடை வந்தது. அந்த வாடைக்குப் பின்னாலேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல், அத்தான் என் நினைவுக்குள் வந்துவிட்டார்.

அத்தான் என்றால் என் அக்காவின் புருஷர். பெயர் வேண்டாம். சொன்னால், பழைய ஆராய்ச்சிப் பத்திரிகை எதையாவது புரட்டி யாரேனும் அவரைக் கண்டுபிடித்துவிடக்கூடும். அந்தப் பெருமையை என் கையால் நான் ஏன் கொடுக்க வேண்டும்?

தென்காசியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார். ஒல்லி. எப்போதும் சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. வலது கைச் சுண்டுவிரல் நகத்தை மட்டும் வெட்டமாட்டார். அரை அங்குலத்துக்கு வளர்ந்து, ஓரம் மஞ்சளித்து, கிளி மூக்கு மாதிரி வளைந்திருக்கும். அந்த நகத்தைத்தான் நாங்கள் முதலில் பார்த்தோம். ஐம்பதுகளின் தொடக்கத்தில், அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு.

அக்கா காப்பித் தம்ளர்களோடு வந்து நிற்கிறாள். மாப்பிள்ளை நாற்காலியில் இல்லை. நிலைக்கதவுக்குப் பக்கத்தில் குத்துக்கால் இட்டு உட்கார்ந்து, நிலையின் அடிப்பக்கத்தைச் சுண்டுவிரலால் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

"மேல பச்சை," என்றார், யாரையும் பார்க்காமல். "அடியில நீலம். அதுக்கும் அடியில காவி. உங்களுக்கு முந்தி இந்த வீட்டுல கோயில் ஆளு யாரும் இருந்தாங்களா?"

அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். அது ஓதுவார் ஒருவர் இருந்த வீடு. அப்பா வாங்கி நீலம் அடித்தார். அப்பா இறந்தபிறகு அம்மா பச்சை அடித்தாள். எங்கள் குடும்பக் கதை முழுக்கவும் அந்த மனிதரின் நகக்கண்ணில் பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர்கள் போனபிறகு அம்மா சொன்னாள்: "கதவையே இந்தப் பார்வை பாக்கவரு, பொண்டாட்டியை எப்படி வச்சுப் பாப்பாரு."

அக்கா அடுக்களையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி, அவரு என்னைப் பாக்கவே இல்லட்டி. நிலையைப் பாத்துட்டுச் சம்மதம் சொல்லிட்டுப் போறாரு."

அவள் சிரித்ததை நான் நம்பினேன். அவளும்தான் நம்பினாள்.

எதைக் கண்டாலும் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும் அவருக்கு. ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தில் ஈயத்தைச் சுரண்டிவிடுவார். புளி ஊற்றினால் களிம்பு ஏறும் என்று அக்கா அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஈயம் பூசப் போவாள். மருந்து பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்து, அதற்கடியில் வேறு சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு தடவை இருந்தது. அன்றைக்கு முழுதும் வீட்டில் அவர் நடையே வேறாக இருந்தது. குற்றாலத்துச் சித்திர சபைக்கு எங்களைக் கூட்டிப்போனால் பூதக்கண்ணாடியோடு சுவரில் மூக்கை வைத்துவிடுவார். நகம் தானாக முன்னே நீளும். "சாரே, சாமி மேல கையை வைக்காதீரும்" என்று காவல்காரர் அந்தக் கையைத் தட்டிவிட்டதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

மனிதர்களையும் விடமாட்டார். தெருவில் எதிர்ப்படுகிற ஆள், சம்பிரதாயமாக, "நல்லா இருக்கேன் சார்" என்று சொன்னால் போதும். "சரி, அதுக்கு அடியில?" என்று கேட்டுவிட்டு நிற்பார். உண்மையிலேயே பதிலுக்காக நிற்பார். பாவம், அந்த ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார். நாளடைவில் அவர் தெருவில் இறங்கினால் எதிர்ச்சாரி காலியாகிவிடும்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால் இதையும் சொல்ல வேண்டும். என் இருபது வயதில், கவிதை என்று நினைத்துக்கொண்டு ஒன்றை எழுதி அவர் மேஜையில் வைத்தேன். அருவியைப் பற்றி, சாரலைப் பற்றி, மேகம் மலைமேல் தலை சாய்ப்பதைப் பற்றி. வாசித்தார். காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "அழிச்சுட்டு எழுதியிருக்கே. அழிச்சதைக் காட்டு" என்றார். அழித்த வரிகளில் அப்பா இருந்தார். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன், பயந்துபோய் அருவியை எழுதிவிட்டேன். இன்றுவரை என் எழுத்தை அப்படி ஒருவர் வாசித்ததில்லை. அந்த நன்றி ஒரு மூலையில் கிடந்து இப்போதும் என்னை உறுத்துகிறது. முழுசாக வெறுக்க விடமாட்டேன் என்கிறது.

படங்களைப் பற்றி அவருக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. பழையது மட்டுமே கலை. பின்னால் வந்தது அதன்மேல் படிந்த அழுக்கு. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் நாயக்கர் காலத்துப் படத்துக்கு அடியிலிருந்து சோழர் காலத்துப் படம் வெளிப்பட்ட செய்தியை அவர் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது கேள்விப்பட்டாராம். மற்றப் பையன்கள் புதையல் கதை கேட்டு வளர்ந்த மாதிரி அவர் அந்தச் செய்தியைக் கேட்டு வளர்ந்திருக்கிறார். ஊர் ஊராக மண்டபம் மண்டபமாகப் போய்ச் சுவர்களைத் தட்டிப் பார்ப்பார். தனக்கென்று ஒரு சுவர் எங்கேயோ காத்திருக்கிறது, அதன் தோலுக்கு அடியில் ஒரு பாண்டியன் கண் விழித்தபடி படுத்திருக்கிறான் என்று அவர் நம்பினார். அதைக் கண்டுபிடித்துவிட்டால் மெட்ராஸிலே இருக்கிற பேராசிரியர்கள் இவரை வாத்தியார் என்று சொல்லமாட்டார்கள். அறிஞர் என்பார்கள். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அக்காவுக்கும் ஒரு சுவர் இருந்தது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், வயலுக்கு நடுவே, சாரல் காலத்தில் குளிக்க வருகிற பரதேசிகளுக்குச் சோறு போடுகிற மண்டபம் ஒன்று. புளியும் வற்றலும் மொத்த வியாபாரம் செய்கிற குடும்பத்துக்குச் சொந்தம். அப்பாவைப் பெற்றவர் அங்கே தவசிப்பிள்ளை, சமையல் அவர் பொறுப்பு. செங்கோட்டைக்கு ரயில் வந்த புதிதில், அந்த அதிசயத்தைப் பார்த்துக் கிறங்கிப்போன அந்தக் காலத்து முதலாளி, மண்டபத்தின் நீளச் சுவரில் அதைப் படமாக எழுதிவைக்கச் சொல்லி ஒரு ஆளைக் கூட்டிவந்திருக்கிறார்.

அந்த ஓவியர் யாரோ. ரயிலை இந்த மூலையில் தொடங்கி அந்த மூலையில் மலைக்குள் விட்டிருந்தார். நீலமான நீலம். கடையில் பொட்டலமாக விற்கிற நீலம். பெட்டிகளின் மேல் குரங்குகள். ஜன்னலுக்கு ஒரு முகம். ஒரு கனவான் ரயிலுக்குள்ளேயே குடை பிடித்திருந்தார், ஏனென்றால் ஐந்தருவியின் ஐந்து கிளைகளும் நேராக ரயில் மேலேயே விழுந்துகொண்டிருந்தன. ஒரு பெண் கையில் சோடா பாட்டில். மூன்றாவது பெட்டியில் ஒரு பையன், குடுமியோடு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அருவித் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பையன் எங்கள் அப்பா.

அப்பா போட்டோ எடுத்துக்கொண்டதே இல்லை. தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஐப்பசிக் காய்ச்சலில் போய்விட்டார். எனக்கு இரண்டு வயது. அக்காவுக்குப் பத்து. அக்காவிடம் அவர் சொல்லியிருக்கிறார்: "படம் எழுதுதவரு என்னைய ஆட்டுரல் மேல உக்கார வச்சு, கையில ஒரு துண்டு கருப்பட்டியைக் கொடுத்தாரு. அது கரையுத வரைக்கும் ஆடப்படாதுன்னாரு. நான் நக்கவே இல்ல, பாத்துக்க. கையிலயே வச்சிருந்தேன்."

திதி அன்றைக்கு மற்ற வீடுகளில் போட்டோவுக்கு மாலை போடுவார்கள். எங்கள் வீட்டில் மூன்று பேரும் மண்டபத்துக்கு நடப்போம். ஐந்து வயதுப் பையனுக்கு முன்னால் அம்மா மூளிக் கழுத்தோடு நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். வருஷா வருஷம் அவளுக்கு நரைத்துக்கொண்டே வந்தது. வருஷா வருஷம் நான் என் அப்பாவைவிட மூத்தவளாகிக்கொண்டே போனேன். அவர் மட்டும் கையை நீட்டித் தண்ணீர் பிடித்துக்கொண்டே இருந்தார்.

கல்யாணமான புதிதில் அக்கா தன் புருஷரை ஆசையாக அங்கே கூட்டிப்போனாள். அவர் சுவரைப் பார்த்தார். சிரித்தார்.

"காலண்டர் படம்."

"மூணாவது பெட்டியைப் பாருங்க. எங்க அப்பா."

"நம்ம மரபுல சுவர்ல ஆளைப் பார்த்து எழுதுத வழக்கமே கிடையாது. பையன்னா இப்படி, பொம்பளைன்னா இப்படின்னு ஒரு அச்சு உண்டு. பாரு, எல்லாருக்கும் ஒரே மூக்கு."

"எல்லாருக்கும் ஒரே மூக்குன்னா எங்க அப்பாவுக்கும் அந்த மூக்குதான்" என்றாள் அக்கா.

"உங்க அப்பா சொன்னது செவி வழிக் கதை. சுவர் என்ன சொல்லுதோ அதுதான் சாட்சி."

அதோடு அந்த மண்டபத்தை அவர் மறந்திருப்பார். மறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சில வருஷம் கழித்து ஒரு ஆடி மாதம், விடாத சாரல். மண்டபத்துச் சுவர் வேர்த்துக் கிடந்தது. ஆடி அமாவாசைக்கு எங்களோடு வந்த இடத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தவர் திடீரென்று பூதக்கண்ணாடியை எடுத்தார். மூன்றாவது பெட்டியில், ஜன்னலுக்குக் கீழே, நீலத்தின் ஊடாகச் செக்கச்சிவந்த கோடுகள் எழும்பியிருந்தன. ஒரு வளைவு. இன்னொரு வளைவு.

"முழங்கால்" என்றார். குரல் அவருடையதாக இல்லை. "உக்காந்திருக்க உருவம். ரயில் பெட்டிக்கு வெளிப்பக்கத்துல யாருக்கு முழங்கால் இருக்கும்? அடியில பழசு இருக்கு."

வெயில் அடித்ததும் கோடுகள் மறைந்தன. அடுத்த சாரலில் மறுபடி வந்தன. அவர் தூக்கம் போயிற்று. அம்மன், அரசன், ஆசனத்தில் அமர்ந்த பாண்டியன் என்று தாள் தாளாக வரைந்து பார்த்தார். அவர் யோசனையில் ஒரு பிசகும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மேலே இருக்கிற படத்தில் முழங்காலுக்கு இடமில்லை. ஆகவே அது வேறு படத்தின் முழங்கால்.

அப்போது மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி குடும்பத்து அண்ணாச்சிக்கு இதைச் சொன்னார். அண்ணாச்சி கணக்குப் போடத் தெரிந்தவர். "பாண்டியன் கெடைச்சா சர்க்கார் போர்டு வைப்பான்லா? பேப்பர்ல வரும்லா?" என்று கேட்டார். வரும் என்றார் அத்தான். "அப்பம் சுரண்டும். ஒரு முழத்துக்குச் சுரண்டிப் பாரும். ரயிலை எவன் பாக்கப்போறான், ஸ்டேஷனுக்குப் போனா நெசத்தையே பாக்கலாம்."

அக்கா ஒரு வருஷம் தடுத்து நிறுத்தினாள். கெஞ்சியும், சாப்பிடாமலும், சில சமயம் சிரித்துப் பேசியும். அந்த வருஷம்தான் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

"வேற பெட்டியைச் சுரண்டுங்களேன். அந்த ஒண்ணை மட்டும் விட்டுருங்க."

"அந்தப் பெட்டியிலதான் முழங்கால் இருக்கு."

"ஒரு போட்டோவாவது எடுத்து வச்சுக்கிடுதேன்."

காமிரா இருந்தது, இரவல் காமிரா. "பிலிம் கொஞ்சந்தான் இருக்கு. அடியில இருக்கதுக்கு வேணும். மேல இருக்கதை எடுத்து என்ன செய்ய?"

நானும் கேட்டேன். "அத்தான், அக்காவுக்காகவாவது" என்றேன். அவர் கோபப்படவில்லை. கனிவாகத்தான் சொன்னார்: "பிள்ள, உங்க அக்கா அழுதது ஒரு தலைமுறைக்கு. அடியில இருக்கது ஆயிரம் வருஷம்."

பங்குனியில், சுவர் நன்றாகக் காய்ந்திருந்த ஒரு மத்தியானம், நாங்கள் போனோம். அண்ணாச்சி பெஞ்சியில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். அக்கா வரவேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். வந்து, தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். குழந்தைக்கு ஊசி போடும்போது தாய் நிற்கிற மாதிரி என்று எழுத வருகிறது. அது சரியில்லை. ஊசி போட்டால் குழந்தை பிழைக்கும்.

பேனாக்கத்தியால் ஆரம்பித்தார். சரக், சரக். முதலில் நீட்டிய கை உதிர்ந்தது. பிறகு குடுமி. முகம் மூன்று இழுப்பில் போயிற்று. நீலம் அவர் வேட்டியில், கைமயிரில், புருவத்தில். ரயிலின் நீலத்தை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு ஒரு அரக்கனைப் போல உட்கார்ந்திருந்தார். அடியில் வெள்ளைச் சுண்ணம். வெள்ளையின்மேல் காவிக் கோடு.

"வருது" என்றார். "முழங்கால். இன்னொரு முழங்கால். கீழே பீடம். பாரும் அண்ணாச்சி, தாமரைப் பீடம்."

அண்ணாச்சி எழுந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது ஆட்டுரல்லாவே" என்றார்.

"என்னது?"

"நம்ம மடப்பள்ளி ஆட்டுரல்லா. இந்தா, வாய் ஒரு ஓரம் உடைஞ்சிருக்கு பாரும். இன்னைக்கும் பின்கட்டுல கெடக்கு, வேணும்னா போய்ப் பாத்துட்டு வாரும்."

அத்தான் மறுபடி சுவருக்குக் குனிந்தார். கத்தி ஓடியது, இப்போது மெதுவாக. ஆட்டுரலின்மேல் ஒரு குழந்தை. ஒரு கால் மடங்கி, ஒரு கால் தொங்கி. வயிறு. கழுத்தில் கயிறு. கன்னத்தில் லேசான வீக்கம், அழுகையை அடக்கினாற்போல. மேலே இருந்த பையனின் முகம் அச்சுத்தான், அத்தான் சொன்னது சரி. ஆனால் இது ஆளைப் பார்த்துப் போட்ட கோடு. அசைந்த இடத்தில் கோடும் அசைந்திருந்தது. வலது கை மார்போடு ஒட்டி, பொத்தி, எதையோ இறுகப் பிடித்திருந்தது.

அந்த ஓவியர் முதலில் பிள்ளையைப் பார்த்துக் காவியால் எழுதி, பிறகு அதன்மேல் ரயிலை ஏற்றியிருக்கிறார். அடியில் இருந்தது வேறு படம் இல்லை. பையனுக்கு அடியில் அதே பையன்தான் இருந்தான்.

அக்கா தூணை விட்டு வந்தாள். சுவருக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "கருப்பட்டி" என்றாள். "ஏட்டி, பாரு, நக்கவே இல்ல."

அந்த மத்தியானம் அப்படியே நின்றிருக்கலாம். ஊரில் எத்தனை மத்தியானங்கள் ஒன்றும் நடக்காமல் நின்றிருக்கின்றன. அவர் கேட்ட சாட்சியைச் சுவர் சொல்லிவிட்டது. அவர் சுரண்டினதால்தான் சொன்னது. அக்கா அதைக்கூட அவர் கணக்கில் வரவு வைத்திருப்பாள், நான் நிச்சயமாகச் சொல்வேன். அவள் முகம் திரும்பி அவரைப் பார்த்தபோது அதில் கோபமே இல்லை.

"அப்பா சொன்ன மாதிரியே உக்காந்திருக்காரு, பாத்தியளா."

"கையில என்னமோ இருக்கு" என்றார் அத்தான். "கருப்பட்டின்னு சுவர் சொல்லல."

"சரி, சொல்லாட்டாப் போகுது. இது போதும். இதோட விட்டுருங்க."

"இது வெறும் வரைவு. இதே ஆளு போட்ட வரைவு. இதுக்கு அடியில இன்னொரு பூச்சு இருக்கு. தட்டினா சத்தம் வேற மாதிரி வருது."

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஒரு போட்டோ எடுத்துட்டு."

"விடு."

"எனக்காகன்னு நான் ஒண்ணுமே கேட்டதில்ல."

"விடுன்னு சொல்லுதேன்லா."

கையை உதறினார். அதில் வெறுப்பு இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவளைக் கவனிக்கவே இல்லை, அவ்வளவுதான். கத்தியைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். காய்ந்த சுண்ணம் அப்பளம் மாதிரி உடைந்து விழுந்தது. முழங்கால் விழுந்தது. பொத்திய கை விழுந்தது. அக்கா கீழே கையேந்தினாள், அவள் உள்ளங்கையில் பொடிதான் வந்து சேர்ந்தது.

அடியில் செங்கல் இருந்தது.

அவர் செங்கல்லையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

அண்ணாச்சி விசிறியை மடக்கினார். "சாரே, பாண்டியன் எங்கவே?" என்று கேட்டார். கேலியாகக்கூடக் கேட்கவில்லை. வரச்சொன்ன விருந்தாளி வரவில்லையே என்று விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். அதற்கு அத்தான் இரவல் காமிராவை எடுத்து, மிச்சம் வைத்திருந்த பிலிம் அத்தனையும் தீரும்வரை அந்தச் செங்கல்லைப் படம் எடுத்தார்.

அடுத்த வாரமே, சுவர் கேவலமாக இருக்கிறது என்று, அண்ணாச்சி ரயில் முழுவதையும் சேர்த்து வெள்ளையடித்துவிட்டார். அத்தான் ஒரு கட்டுரை எழுதினார். அந்தச் செங்கல்லின் நீள அகலத்தைப் பற்றி. அச்சிலும் வந்தது. மண்டபத்தைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி: சுவர்களில் ஓவியம் எதுவும் இல்லை. உண்மைதானே. அவர் எழுதுவதில் ஒருநாளும் பொய் இருந்ததில்லை.

அக்கா ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சண்டை போட்டுக்கொண்டு வரவில்லை. சோறு வடித்து, குழம்பை மூடிவைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தாள். யாராவது கேட்டால், "தங்கச்சி தனியா இருக்கா, துணைக்கு வந்திருக்கேன்" என்பாள். அந்தத் துணைதான் இன்றுவரைக்கும். இதோ உள்ளறையில் படுத்திருக்கிறாள். எதிர்வீட்டுச் சத்தம் அவளுக்கும் கேட்கும்.

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். ஆராய்ச்சி மாணவி. தோளில் ஜோல்னாப் பை, அதில் டேப் ரிக்கார்டர். "ரயில், குடை, சோடா பாட்டில் இதெல்லாம் வரைஞ்ச சுவர் ஏதாவது இந்தப் பக்கம் தெரியுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். இப்போது அதுதான் முக்கியமாம். அம்மனும் அரசனும் பழைய ஆராய்ச்சியாம். மக்கள் புதுசை எப்படிப் பார்த்தார்கள் என்பதைத்தான் இப்போது பார்க்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். அவள் பயந்துவிட்டாள்.

ரயிலில் ஒரு பையன் கை நீட்டிக்கொண்டிருந்தான் என்று சொன்னேன். வேகமாகத் தலையாட்டினாள். "அந்தக் கை ரொம்ப முக்கியம் ஆன்ட்டி. ரயில்ங்கிறது அதிகாரம். அதுக்கு வெளியே நீளுற கை எதிர்ப்பு." நல்ல பெண். கெட்டிக்காரி. அந்தப் பையன் யார் என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

"வெள்ளையடிச்சுட்டாங்களா? அப்ப மிச்சப் படம் வெள்ளைக்கு அடியில இருக்குமே" என்றாள். அவள் கண்ணில் அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வெளிச்சம். இப்போதுதான் அந்தச் சுவருக்கு அடியில் உண்மையாகவே ஏதோ இருக்கிறது. மண்டபம் இடிந்து போச்சு என்று பொய் சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அத்தானைக் கடைசியாகப் பார்த்தது அறுபதுகள் முடிகிற சமயம். அதற்குள் வடக்கே எங்கோ ஒரு கல்லூரியில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. அக்கா போகவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல், அப்போது நாங்கள் இருந்த தென்காசி வீட்டு வாசலில் வந்து நின்றார். தலை நரைத்து, கன்னம் ஒட்டி. சுண்டுவிரல் நகத்தை ஒட்ட வெட்டியிருந்தார். விரல் புதிதாகப் பிறந்தது மாதிரி அசிங்கமாக இருந்தது. அக்கா அவரைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் சாத்திய கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று எதையோ மெல்லக் கேட்டார். பிறகு படியிறங்கினார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் கூட நடந்தேன். சீசன் சமயம். எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்புகளின் வாடை ஊரெங்கும். மதுரை பஸ்ஸின் கூரையில் எலுமிச்சை மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏதாவது பேசவேண்டுமே என்று சொன்னேன்:

"உடம்பைப் பாத்துக்கிடுங்க அத்தான். இளைச்சிட்டிய."

அவர் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். பென்சிலால் ஒரு ரயில் பெட்டி. ஜன்னல். ஜன்னலுக்குள் ஒரு வெற்று வட்டம். அழித்து அழித்து, அந்த இடத்தில் தாள் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது.

"வரைஞ்சு பார்க்கேன், வர மாட்டேங்குது" என்றார். "எத்தனை வருஷம் அந்தச் சுவரைப் பாத்திருக்கேன். கண்ணை மூடினா ஒண்ணுமே வரல. உங்க அக்காட்ட கொண்டுபோய்க் கொடுக்கணும்னு நினைச்சேன். அவ கதவைத் திறக்கல."

கண்டக்டர் விசில் ஊதினான். அவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, தாளையும் பென்சிலையும் என்னிடம் நீட்டினார்.

"அந்தப் பையன் கண்ணு எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு பிள்ள. நீ சின்ன வயசுலேருந்து பாத்தவ."

"எனக்கும் வரல அத்தான்" என்றேன். "நினைச்சா அந்தச் செங்கல்லுதான் தெரியுது."